எதிர்பாராத செலவை முன்கூட்டியே சொல்ல வேண்டும்

"என் ஏடிஎம் கார்டைக் குடுங்கப்பா."

கேட்டே விட்டாள். உயிரே போனாலும் அப்பாவிடம் இதை மட்டும் கேட்காதே என்று முதல் சம்பளத்தன்றே அம்மா சொல்லி வைத்திருந்தாள். உயிர் போகவில்லை, கடைவாய்ப் பல்தான் போய்க்கொண்டிருந்தது. இடது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது.

அப்பா குடோன் காவலாளி. பூட்டென்றால் அவருக்குத் தனிப் பிரியம். சர்க்கரை டப்பாவுக்கே பூட்டுப் போட்டவர். வீட்டில் யார் சம்பாதித்தாலும் கார்டு அவர் சட்டைப் பைக்குப் போய்விடும். செலவென்றால் ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் உட்கார்ந்து பேச வேண்டும். எதிர்பாராத செலவாக இருந்தால் ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். இதை அவர் சிரிக்காமல் சொல்வார். குடும்பத்தின் முதல் பட்டதாரியான அவளும் இரண்டு வருஷமாகச் சிரிக்காமல் தலையாட்டி வந்தாள்.

"பல்லு வலிக்கப் போவுதுன்னு போன மாசமே ஏன் சொல்லல?"

"பல்லு என்கிட்ட சொல்லலப்பா."

அண்ணன் களுக்கென்று சிரித்து, அப்பா முறைத்ததும் இருமலாக மாற்றிக்கொண்டான். வேர் வரை சுத்தம் செய்து மூடி போட வேண்டுமாம், தள்ளிப்போட்டால் தாடையையே பிடித்துவிடுமாம் என்று டாக்டர் சொன்னதை எல்லாம் அவள் சொன்னாள். அவசரத்துக்கென்று தன் சம்பளத்தில் மாதாமாதம் ஒதுக்கிய பணம் இருக்குமே, கார்டு வேண்டாம், அதையாவது எடுங்கள் என்றாள்.

அம்மா துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். அண்ணனின் பார்வை மட்டும் மூலைக்குப் போயிற்று. முந்தின நாள் ஆறு ஆட்கள் திணறித் திணறி மூன்று மாடி ஏற்றிய இரும்புப் பெட்டகம் அங்கே யானைக்குட்டி மாதிரி உட்கார்ந்திருந்தது. குடோன் முதலாளி பழசைச் சும்மா தள்ளிவிட்டார் என்றே அவள் நினைத்திருந்தாள்.

"அவசரப் பணத்த பத்திரமா வைக்கணும்ல. அதான் வாங்கினேன்," என்றார் அப்பா.

"எந்தப் பணத்துல?"

"அவசரப் பணத்துலதான்."

"அப்ப உள்ள என்ன இருக்கு?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அதோட இன்னொரு சாவி."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்தால் பல் உயிரை எடுத்தது. வலித்தால் மேலும் சிரிப்பு வந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். கோபமும் இருந்தது, ஆனால் அப்பா மேல் பாதிதான். ஆபீசில் யாரோ ஒருவன் பில்லில் ஒரு ரூபாய் இடித்தால் சண்டைக்குப் போகிறவள், தன் சம்பளம் எங்கே போகிறதென்று ஒரு நாள் கேட்டிருப்பாளா? பொறுப்பை ஒருவர் சட்டைப் பையில் போட்டுவிட்டு நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்தாள். வெட்கக்கேடு.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசலாம் என்றார் அப்பா.

"பேசுங்கப்பா. நான் பேங்க் மூடறதுக்குள்ள போறேன். காலைல ஏறின சம்பளம் அப்படியே இருக்கு. உங்க பைல இருக்கற கார்டு இனிமே வேலை செய்யாது. வீட்டுக்கு என் பங்கு ஒண்ணாந்தேதி அம்மா கைக்கு வரும். மிச்சத்த நான் பாத்துக்கறேன். தப்புத்தப்பா செலவு பண்ணாலும் நானே பட்டுக்கறேன்."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் வாசலில் கிடந்த செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு இறங்கியிருந்தாள். ஒரு செருப்பு அவளுடையது, மற்றது அண்ணனுடையது. இரண்டாவது மாடியில்தான் தெரிந்தது. மாற்றிக்கொள்ளத் திரும்பாமல், சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.