ஆர்டிஸ் கொடுத்த அச்சு

முதல் கூட்டையே கோரின் சிக்க வைத்துவிட்டாள்.

சுட்டதில் விரிந்த காலித் தோட்டாக் கூட்டை, மறுபடி மருந்து நிரப்புமுன் ஓர் அச்சுக்குள் ஏற்றிப் பழைய அளவுக்கு இறுக்க வேண்டும்; மெழுகு தடவாமல் ஏற்றினால் அச்சு அதைக் கவ்விக்கொள்ளும். மொன்டானாவில் வீட்டிலேயே தோட்டா நிரப்புகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். கோரினுக்கும் பத்து வருடமாகத் தெரியும். ஆனால் அந்த நேரம் பார்த்து அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் வேட் போன் செய்து, கல்யாணத்துக்கு மே மாதத்தில் மண்டபம் கிடைத்துவிட்டது என்றான். பேச்சு சுவாரசியத்தில் மெழுகை மறந்து, அச்சு மாட்டிய இயந்திரத்தின் கைப்பிடியை இழுத்தாள். பாதியில் நின்றது. பலம்கொண்டு திருப்பியதில் கூட்டின் விளிம்பு மட்டும் பிய்ந்து வந்தது.

கடையில் வாங்கிய அச்சாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். இது வேட்டின் அம்மா ஆர்டிஸ் இரவல் கொடுத்தது. வேட் அவளுக்குத் தந்திருந்த அவன் தாத்தாவின் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை கொஞ்சம் அகலம். கடை அச்சுகள் கூட்டின் பித்தளைக் கழுத்தை அளவுக்கு மீறி நெரித்ததில், மூன்றாம் முறை நிரப்பும்போதே கூடு விரிசல் விட்டது. மூன்று அச்சு மாற்றிப் பார்த்தும் அதே கதை. அதைக் கேள்விப்பட்டுத்தான் ஆர்டிஸ், அந்தத் துப்பாக்கிக்கென்றே தன் கையால் உள்கழுத்தைத் தேய்த்து அகலப்படுத்திய அச்சை எடுத்துக் கொடுத்தாள். சொந்த மகனுக்கே தராத சாமான். "பத்திரம்" என்றாள். அதற்கு மேல் அவள் கோரினிடம் என்றைக்குமே பேசியதில்லை.

கூட்டின் அடியைத் துளைத்து, மரையிட்டு, போல்ட் முறுக்கி வெளியே இழுக்க ஒரு மணி நேரம் ஆனது. அப்பாடா என்று அச்சைத் துடைத்து, இன்னொரு கூட்டுக்கு மெழுகு தடவி ஏற்றி இறக்கினாள். கழுத்தில் மயிரிழை போல ஒரு கோடு. நகத்தில் தட்டியது. துளைத்தபோது அச்சின் உட்புறத்தைக் கீறிவிட்டோம் என்று நினைத்தாள்.

அம்மாவுக்கு இப்போதெல்லாம் கண் சரியில்லை, சொல்லாமல் விட்டுவிடு என்றான் வேட். கோரினுக்கு மனம் வரவில்லை. எல்க் மான் வேட்டை தொடங்க இரண்டு நாள்தான் இருந்தது. கோடு விழுந்த கூட்டையும் அச்சையும் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆர்டிஸ் சமையலறையில் ஆப்பிள் பை பலகாரம் சுட மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் அவள் கணவர் மெர்ல் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே கோரின் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். மாவுக் கையோடு கூட்டை வாங்கி நகத்தால் தடவிப் பார்த்த ஆர்டிஸ், அலமாரியைத் திறந்து, அதே அச்சில் தான் முன்பு நிரப்பிய தோட்டா ஒன்றை எடுத்து நீட்டினாள். கோரின் தடவிப் பார்த்தாள். அதே இடத்தில் அதே கோடு.

"அது நான் போட்டது" என்றாள் ஆர்டிஸ், குரலைத் தாழ்த்தி. "மொத கல்யாண நாளுக்கு அவர் வாங்கிக் குடுத்த அச்சு. ஒரு வாரத்துல நானும் மெழுகு தடவ மறந்து, உன்ன மாதிரியே துளை போட்டு எடுத்தேன். கோட்டால தோட்டாவுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அவர்கிட்ட இன்னைக்கு வரைக்கும் மூச்சு விடல. நீயும் சொல்லிடாதம்மா."

"முப்பத்திநாலு வருஷமா நீ நிரப்பிக் குடுக்குற ஒவ்வொரு தோட்டாலயும் கோடு இருக்கே, ஆர்டிஸ்" என்றது பக்கத்து அறை. "எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

ஆர்டிஸ் சிரிக்க ஆரம்பித்தாள். மாவுக் கையால் வாயைப் பொத்தியும் சிரிப்பு அடங்கவில்லை. கோரினும் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து சிரித்தாள்.

"மிச்சக் கூட்டையெல்லாம் கொண்டு வந்திருக்கியா?" என்றாள் ஆர்டிஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"வண்டில இருக்கு."

"எடுத்துட்டு வா. மெழுகை நான் தடவுறேன். கைப்பிடியை நீ இழு. உன் போனை மட்டும் வண்டிலயே வெச்சுட்டு வா."