நாள் தள்ளிப்போன கதை

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஷேர் ஆட்டோவில் கிடைத்தது. ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்குப் போகும் சாலை, விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஓட்டக்காரியின் ஷூ, டிராக் பேண்ட். முழங்காலுக்குக் கீழே எலும்பை அழுத்திப் பிடித்தபடி, வந்த வழியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வலிக்கிறவர்கள் வலிக்கிற இடத்தைப் பார்ப்பார்கள். இவள் சாலையைப் பார்த்தாள். ஆட்டோ கடந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நானாக எழுதிக்கொண்டது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கடைசிச் சுற்றில் அவளுடைய ஷார்ட்ஸில் சிவப்பாக ஒரு—’

நிறுத்திவிட்டேன். ஓட்டத்தையும் மாதவிடாயையும் சேர்த்து எழுத உட்காரும் யாருக்கும் அந்தக் கறைதான் முதலில் கைக்கு வரும். பாலத்தில் இருந்தவளின் பயம் வேறு. அவளுக்கு மாதக்கணக்காக ரத்தமே வரவில்லை.

2

பாண்டீஸ்வரி என்று வைத்துக்கொள்வோம். கூமாப்பட்டியில் பிறந்து ராஜபாளையத்தில் வாக்கப்பட்டவள். கணவன் பெயர் வல்லரசு; நூற்பாலையில் ஃபிட்டர். திருச்சியில் நடக்கவிருந்த மாநிலப் போட்டியில் ஜெயித்தால், விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு வழி இருந்தது. உடம்பு இளைத்தால் வேகம் கூடும் என்று மைதானத்தில் யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். காலையில் வெறும் டீ. மதியம் ஒரு கை சோறு. வேகம் கூடத்தான் செய்தது. பங்குனியில் மாதவிடாய் நின்றது.

முதலில் நிம்மதியாக இருந்தது. ஓடும்போது அடிவயிறு பிசையவில்லை, தொடை உரசிப் புண்ணாகவில்லை. கூட ஓடும் ஜெய்னப், “ஒனக்குக் குடுத்து வச்சிருக்கு” என்றாள்.

ஒரு நாள் மாமியார் மாரிச்செல்வி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“ஏட்டி, நாள் தள்ளிப் போயிருக்கா?”

“ஆமா அத்தே.”

(முதல் பிரதியில் அவளை இங்கே பொய் சொல்ல வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். அவள் சொன்னது உண்மைதான். கேட்டவளுக்கு அது வேறொன்றாகக் கேட்டது.)

மாரிச்செல்வி துணியைப் போட்டுவிட்டு, மருமகளின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் விரல்களைச் சொடுக்கினாள். பாண்டீஸ்வரி வாயைத் திறப்பதற்குள் மாமியார் தன் மகனுக்குப் போன் போட்டாகிவிட்டது.

3

மாமியாரைப் பற்றி ஒரு குறிப்பு: கொடுமைக்காரியாகவும் எழுதிப் பார்த்தேன். கதை சுலபமாகிப் போனது. கொடுமைக்காரியிடம் கோபப்படலாம். இவளோ மருமகளைக் குடம் தூக்க விடவில்லை; சந்தையில் தேடிப் புளிப்பான மாங்காய் வாங்கி வந்தாள்; “இனி ஓட்டம் வேண்டாம்த்தா, புள்ள பெத்துட்டு ஓடு” என்றாள். வல்லரசு, மில்லில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டுச் சிரித்த முகமாக வீடு வந்தான்.

ஜெய்னப் வாங்கித் தந்த கர்ப்பச் சோதனைப் பட்டையில் ஒரு கோடுதான் விழுந்தது. குளியலறைத் தாழ்ப்பாளைப் பிடித்தபடி பாண்டீஸ்வரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை இல்லை. அப்படியென்றால் உள்ளே என்ன? கட்டியா? கருப்பை செத்துப்போய்விட்டதா? கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் பதில் வந்துவிடும்.

‘கோவிலுக்கு நடந்துட்டு வாரேன்’ என்று சொல்லிவிட்டு மலைச்சாலையில் ஓடினாள். ஓடும்போது மட்டும் அந்த நினைப்பு வரவில்லை. பிறகு காலெலும்பு வலிக்கத் தொடங்கியது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை. பாலத்தில் உட்கார்ந்து, தெரிந்தவர் வண்டி வருகிறதா என்று பார்த்தாள்.

நொண்டுவதைக் கண்ட ஜெய்னப்தான் அவளை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றினாள். அங்கே தன் முகம் யாருக்கும் தெரியாது என்ற தைரியம். இருந்தும் பாண்டீஸ்வரி முந்தானையை முக்காடாக இழுத்து விட்டுக்கொண்டாள்.

எக்ஸ்ரேயைப் பார்த்த பெண் டாக்டர் காலைப் பற்றிக் கேட்கவில்லை.

“என்ன சாப்பிடுறீங்க? மாசாமாசம் ஒழுங்கா வருதா?”

சொன்னாள்.

“ஓட்டத்துக்கே சாப்பாடு பத்தல. அதான் ஒடம்பு மாசாமாசம் வாரதை நிப்பாட்டிருச்சு. அது நின்னா எலும்பும் வலு எழக்கும். இங்க பாருங்க, கீறல். இப்படியே ஓடுனா முறிஞ்சிரும்.”

“புள்ள பொறக்குமா டாக்டர்?”

“மொதல்ல ஓட்டத்தை நிறுத்தி, ஒழுங்காச் சாப்பிடுங்க. மாதவிடாய் திரும்பி வர மாசக்கணக்காகலாம். நெறயப் பேருக்கு வந்துருது.”

நெறயப் பேருக்கு. எல்லாருக்கும் என்று அவர் சொல்லாததை பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தாள்.

4

முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் திருச்சியில் ஜெயித்தாள். கீறல் விழுந்த எலும்போடு அவளை ஓடவிட எனக்கு மனம் வரவில்லை. அவள் திருச்சிக்குப் போகவில்லை. இன்னொன்றில் மாமியார் கட்டிப்பிடித்து ‘அதனால என்னத்தா’ என்று— அந்த வரியை நானே நம்பவில்லை.

நின்றது இது. பஸ் நிலையத்திலிருந்து வல்லரசு பைக்கில் கூட்டிப்போனான். மில் ரோட்டில் அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

“புள்ள இல்லைங்க.”

வண்டியை ஓரம் கட்டினான். “கலைஞ்சிருச்சா?”

“இருக்கவே இல்ல.”

“அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?”

“நீங்க சிரிச்சீங்க.”

அவன் எஞ்சினை அணைத்தான். பிறகு அவள் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டான்.

“ஓட்டத்துனாலயா?”

ஆமாம் என்றால் இனி எப்போதும் ஓட்டம் இல்லை. இல்லை என்றால் பொய்.

“சாப்பிடாம ஓடுனதுனால” என்றாள். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள்.

“அம்மாட்ட யாரு சொல்ல?” அவன் குரலிலும் பயம் இருந்தது.

“நானே சொல்லுதேன்.”

வீட்டில் மாரிச்செல்வி தட்டு வைத்துக் காத்திருந்தாள். பாண்டீஸ்வரி உட்கார்ந்தாள். பல மாதங்களில் முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டாள். மாரிச்செல்விக்கு முகமெல்லாம் பூரிப்பு. “ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்லா” என்று மறுபடியும் சோறு அள்ளினாள்.

“அத்தே,” என்றாள் பாண்டீஸ்வரி. “புள்ள இல்ல அத்தே.”

வல்லரசு வாசலிலேயே நின்றுவிட்டான்.

அடுத்த வரி மாரிச்செல்வியுடையது. பல தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் அவள் என் குரலில்தான் பேசினாள். அதனால் உங்களிடம் விடுகிறேன். உங்கள் வீட்டிலும் அவளைப் போல ஒருத்தி இருக்கக்கூடும். அவள் குரல் உங்களுக்குத் தெரியும். சோறள்ளிய கரண்டி இன்னும் தட்டுக்கு மேலே நிற்கிறது.