எந்தத் தொகுதியிலும் இல்லாத ஊர்

1

அமெரிக்காவின் முதல் காங்கிரஸ் தொகுதிகளுக்கு வரைபடம் போடுவது என் பிழைப்பு. அந்தக் காலத்துச் சட்டத்தில் படம் கிடையாது. எந்தத் தொகுதியில் எந்தெந்த ஊர் என்று பட்டியல் மட்டும்தான். ஒவ்வொரு ஊராக வண்ணம் தீட்டிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒன்று வெள்ளையாகவே நின்றது. எந்தப் பட்டியலிலும் இல்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்தக் கதை அப்படித்தான் வந்தது.

(மார்ஷ்வேல் என்பது அந்த ஊருக்கு நானாக வைத்த பெயர். உண்மைப் பெயரைச் சொன்னால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.)

2

1792ஆம் ஆண்டு, நியூ இங்கிலாந்து மலைகளின்மேல் பனி மெல்ல

வேண்டாம், எனக்கே கொட்டாவி வருகிறது. நேராக ஆளைக் கொண்டுவருகிறேன்: சேடாக் பெட்டிங்கில், சட்டமன்ற எழுத்தர். பட்டியலைப் படியெடுத்தவர். பிறந்து வளர்ந்தது மார்ஷ்வேலில். சொந்த ஊரையா ஒருவர் விடுவார்? எனக்கும் நம்பிக்கை வரவில்லை. அதனால் முதலில் அவரைக் குடிகாரராக்கினேன். பிறகு வெட்கமாகிவிட்டது, அந்த வரியை அடித்துவிட்டேன்.

3

ஊர்க்கூட்டம். தலைமை, விடுதிக்காரர் இதமார் ஃபிஸ்க்.

“ஏம்பா சேடாக், அத்தனை ஊரை எழுதின கை நம்ம ஊருகிட்ட வந்ததும் சுளுக்கிக்கிச்சா?”

“மத்த ஊரையெல்லாம் ரெண்டு தடவை சரிபார்த்தேண்ணே. நம்ம ஊரு எனக்குத் தெரியாதா என்ன? பார்க்கணும்னே தோணலை.”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தெருப்பன்றி பிடிக்கும் பதவி ஒன்று அங்கே உண்டு. புதுமாப்பிள்ளைகளைக் கேலி செய்யக் கொடுப்பது. ஐம்பது வயது சேடாக்குக்கு அதைக் கைதூக்கிக் கொடுத்தார்கள்.

“பன்னியைப் பிடிக்கிறேன். ஆனா நீங்க ஓட்டைப் போடுங்க. இந்த ஊரு ஓட்டு என்னால வீணாச்சுன்னா நான் இங்க தலைநிமிர்ந்து நடக்க முடியாது.”

“கிழக்குத் தொகுதிக்கா, மேற்குக்கா? ரெண்டுக்கும் நடுவுலல்ல இருக்கோம்” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“நாம மாவு அரைக்கிறது கிழக்கேதானே. அங்கயே போடுவோம்” என்றார் இதமார்.

அறுபத்தொரு பேர், ஒரே வேட்பாளருக்கு. வாக்குக் கணக்குத் தாளின் அடியில் சேடாக் எழுதினார்: ‘சட்டத்தில் எங்கள் ஊர் இல்லை. பிழை என்னுடையது. ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள்.’

4

முடிவு ஒன்று: தலைநகரில் எல்லாரும் சிரித்தபடி அந்த வாக்குகளை எண்ணிவிடுகிறார்கள். (சுத்தப் பொய்.)

முடிவு இரண்டு: தாள் குப்பைக்குப் போகிறது. அவர்களுடைய வேட்பாளர் நாற்பது வாக்கில் தோற்கிறார். இதை எழுதிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

முடிவு மூன்று: சேடாக்

இல்லை, இது என்னால் ஆகாது. வாக்கு எண்ணும் அதிகாரி நீங்களாக இருங்கள். சட்டம் ஒரு கையில், தாள் மறுகையில். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். தாளைக் கொண்டுவந்த சேடாக் வாசலில் நிற்கிறார். பதில் தெரியாமல் ஊருக்குத் திரும்பமாட்டாராம்.