வடக்குக் கூடையின் வலப்பக்கம்

இறுதியாட்டம் முடியும் தறுவாயில், விருந்தினர் மேடையில் அமர்ந்திருந்த உக்கிரபாண்டி தம்மையறியாமல் எழுந்து நின்றார்.

"உக்காருங்க அண்ணாச்சி. நீங்க இப்ப கோச்சு இல்ல, செக்ரட்டரி," என்று கையைப் பிடித்திழுத்தார் கூடைப்பந்துக் கழகத் தலைவர் ஜெயகிருஷ்ணன். பந்தைத் தொட்டே அறியாதவர் அவர். "பந்து விளையாண்ட ஆளுக்கு நிர்வாகம் ஒத்துவராதுன்னு ஊர்ல சொல்லுதது சரியாத்தான் இருக்கு!"

உக்கிரபாண்டியின் கண் வடக்குக் கூடையின் வலப்பக்கத்திலேயே நிலைத்திருந்தது. கோடையில் கரிசல் மண் பிளக்கும்போது மேலுள்ள சிமெண்டுத் தளத்தையும் சேர்த்தே பிளந்துவிடும். இவ்வாண்டு அந்த வெடிப்பு ஒரு பாதம் இறங்குமளவுக்கு வாய் பிளந்திருந்தது. காலையில் கோவில்பட்டி மகளிர் அணியின் பயிற்சியாளர் பிரேமலதா அவரை அழைத்துப்போய் அதைக் காட்டினார்.

"சார், ஆட்டத்தைக் கழுகுமலைக்கு மாத்திருவோம். எவளாச்சும் காலை ஒடிச்சிக்கிடுவா."

"சொந்த ஊர்ல ஆடவேண்டிய பைனலை விட்டுக் குடுக்கவா? நான் இதுல ஆடித்தான் கேப்டன் ஆனேன். நம்ம பிள்ளைகளுக்கு இது பழக்கம். வாரவளுவ பாத்து ஆடட்டும்."

அது ஆட்டக்காரனின் விடை. செயலாளரின் விடை வேறு என்பதை அவர் அறியாதவர் அல்லர். ஆயினும் வெடிப்பில் மண்ணை அடைத்து, மேலே சிமெண்டுப் பால் பூசச் செய்தார். தளம் நன்றாயிருக்கிறதென்று நடுவரிடமும் சொன்னார். இப்போது ஓட்டமும் குதிப்புமாக அப்பூச்சு பெயர்ந்து, மண் உள்ளே இறங்கிவிட்டிருந்தது.

கோவில்பட்டி அணி ஒரே புள்ளி முன்னிலையில் இருந்தது. எதிரணியின் ஒல்லியான பெண்ணொருத்தி பந்தைத் தட்டிக்கொண்டு வடக்குக் கூடையின் வலப்பக்கமாகப் பாய்ந்தாள். அவளை மறித்தவாறே உடன் ஓடினாள் செல்வமாரி, உக்கிரபாண்டி சிறுவயது முதல் பழக்கி உருவாக்கிய பெண். செல்வமாரி வெடிப்பைத் தாண்டிவிடுவாள். மற்றவளுக்கு அது தெரியாது.

கோப்பையும் மறந்தது, மேடையும் மறந்தது அவருக்கு.

"ஏட்டி, அங்கன போகாத!"

வெளியூர்ப் பெண்ணுக்காக எழுந்த குரல் அது. அவளோ அக்குரலை அறியாதவள். கூட்டத்தின் கூச்சலோடு கூச்சலாக அதை விட்டுவிட்டாள். அறிந்தவள் செல்வமாரி. பயிற்சிக் காலத்தில் அக்குரலுக்குக் கட்டுப்பட்டே பழகிய கால்கள், ஓடிய இடத்திலேயே நின்றுவிட்டன.

மறிப்பார் இல்லாத வழி திறந்தது. பிரேமலதா ஆட்டத்தை விட்டு மேடையைத் திரும்பிப் பார்த்தார். ஜெயகிருஷ்ணன், "என்ன அண்ணாச்சி, நம்ம பிள்ளைய நிப்பாட்டிட்டீயளே!" என்று பதறினார்.

அந்தப் பெண் கூடையை அண்ணாந்து பார்த்தவாறு, முகமெல்லாம் மலர, இடக்காலை ஊன்றி எழும்பி, வலக்காலை முன்னே, வெடிப்புக்கு நேராக நீட்டியிருந்தாள்.