லைன் மேட்டு மறியல்

கச்சிராயபாளையம் சாலையோரம் நின்ற புளியமரத்தை அறுத்துச் சாய்க்கும்போது ராஜாங்கத்துக்கு ஒரு விஷயம் சுத்தமாக மறந்துபோயிருந்தது. எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி பிறந்த வாரம். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரத்துக்குச் சாலை மறியல் என்று அறிவித்திருந்தார்கள். ஊரே கோடாரியும் கயிறுமாகத் திரண்டபோது ராஜாங்கம் மட்டும் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பாரா? முன்னால் போய் ரம்பத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். மரம் சாலைக்குக் குறுக்கே விழுந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். உள்ளங்கை கொப்புளித்திருந்தும் அவரும் தட்டினார்.

வீட்டுக்கு வந்து கை கழுவும்போது மனைவி செந்தமிழ்ச்செல்வி சொம்பை நீட்டியபடியே கேட்டாள்.

"மரத்த சாச்சிட்டீங்க, சரி. நாளைக்கு தாழம்பட்டுக்கு எதுல போறதாம்?"

ராஜாங்கம் கை கழுவுவதை நிறுத்தினார். தாழம்பட்டில் அவருடைய ஒரே தங்கை ஜெயம்மாள் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மறுநாள் அவள் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் வந்து மாலை போட்டு, சீர்த்தட்டை வைத்தால்தான் சடங்கு. அந்தத் தாய்மாமன்தான் பஸ் வரும் வழியில் மரத்தைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

நாளைத் தள்ளிப்போடலாம் என்றால் ஜெயம்மாளின் மாமியார் குஞ்சம்மாள் அசையும் பிறவி இல்லை. பதினாறாம் நாள் என்றால் பதினாறாம் நாள். "மறியலு கவர்மெண்டுக்குத்தான, எங்க வூட்டு சடங்குக்கா?" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஜெயம்மாளுக்குத் தாய் தகப்பன் இல்லை. அண்ணன் ஒருத்தன், அண்ணி ஒருத்தி, அவ்வளவுதான் பிறந்த வீடு. அதைக் குஞ்சம்மாள் பதினாலு வருஷமாகக் குத்திக் காட்டிக்கொண்டே இருந்தாள். ஜனமில்லாத வீட்டில் பெண் எடுத்தோம் என்று தண்ணீர்க் குழாயடியில்கூடச் சொல்லுவாள்.

அதோடு பிச்சைமுத்து வேறு. தாழம்பட்டிலேயே குடியிருப்பவன், எங்கோ தூரத்தில் ஜெயம்மாளுக்கு அண்ணன் முறை. ராஜாங்கம் வராவிட்டால் நான் இருக்கிறேன் என்று வேட்டியைத் துவைத்துக் கஞ்சி போட்டு வைத்திருந்தான். ஒருமுறை அவன் மாலை போட்டுவிட்டால் நாளைக்குக் கல்யாணத்திலும் அவன்தான் மாமன். ராஜாங்கத்துக்கு அதை நினைக்கவே நெஞ்சு எரிந்தது. தங்கையை யாரும் பங்கு போட்டுக்கொள்வது அவருக்குப் பிடிக்காது.

"சைக்கிள்ல போயிடலாம்" என்றார்.

"எத்தினி மரத்த தூக்கித் தூக்கித் தாண்டுவீங்க? ஊருக்கு ஊரு ஒரு ரம்பம் இருக்குது, ஒரு ராஜாங்கம் இருக்கறாரு" என்றாள் செந்தமிழ்ச்செல்வி. பிறகு அவளே வழியும் சொன்னாள். "லைன் மேட்டு மேல நடந்தா உச்சிக்குள்ள போயிடலாம்."

லைன் மேடு என்பது வெள்ளைக்காரன் காலத்துச் சின்ன ரயில் பாதை. கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து மரம் இறக்கப் போட்டது, ஆளும் ஏற்றினார்கள். யுத்தத்தின்போது இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அடியில் கிடந்த கட்டைகளை அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கவர்மெண்டுக்குச் சிரமம் வைக்காமல் தாங்களே அப்புறப்படுத்தினார்கள். இன்றைக்கும் அந்தப் பக்கத்து வீடுகளில் பாதிக்கு நிலைப்படி ரயில் கட்டைதான். மிச்சமிருந்தது மண்மேடு மட்டும். அதன்மேல் ஆடு மேய்ப்பவர்களும், சந்தைக்குப் போகிறவர்களும், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்களும் நடந்து நடந்து ஒரு நல்ல ஒற்றையடிப் பாதையாகியிருந்தது.

விடிந்ததும் கிளம்பினார்கள். செந்தமிழ்ச்செல்வி தலையில் பட்டுப்புடவை, வளையல், பழம் வைத்த தாம்பாளம். ராஜாங்கம் தலையில் தேங்காய், வெல்லம், பலகாரம் வைத்த இன்னொரு தாம்பாளம். மாலையைக் கையில் பிடித்தால் வாடிவிடும் என்று அதை வாழையிலையில் சுற்றி அவர் தோளில் தொங்கவிட்டிருந்தாள் மனைவி.

ராஜாங்கம் பிறந்து வளர்ந்தது அங்கேதான். ஆனாலும் லைன் மேட்டில் ஒரு மைலுக்கு மேல் போனதில்லை. போகப் போக அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டு பக்கமும் கரும்பு, நடுவில் உயரமாக அந்த மேடு. வலது கைப் பக்கம் மலை கூடவே வந்தது. ஓரிடத்தில் ஒரு மேடையும் பாதி இடிந்த அறையும் இருந்தன. பழைய ஸ்டேஷன். அதில் யாரோ நிலக்கடலை காயப்போட்டிருந்தார்கள். டிக்கெட் கொடுத்த ஜன்னல் வழியாக ஒரு வெள்ளாடு எட்டிப் பார்த்தது.

"ரெண்டு டிக்கெட்டு கேளுங்க" என்றாள் செந்தமிழ்ச்செல்வி.

இன்னும் கொஞ்ச தூரத்தில் ஓடை குறுக்கிட்டது. பாலத்தின் தூண்கள் மட்டும் நின்றன, மேலே ஒன்றுமில்லை. பாலத்தையே காணோமே என்று ராஜாங்கம் தாம்பாளத்தோடு நின்று கவலைப்பட்டார். செந்தமிழ்ச்செல்வி அதற்குள் சரிவில் இறங்கி, கணுக்கால் தண்ணீரில் நடந்து, அக்கரையில் ஏறி நின்று, "ரயிலுக்குத்தாங்க பாலம் வேணும்" என்றாள். அவளோடு நடப்பது நடையைவிடக் களைப்பான காரியம்.

ஓடைக்குப்பம் ஏரிக்கரை வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அங்கே மேட்டுக்கு ஒரு பக்கம் ஏரித் தண்ணீர், மறுபக்கம் இடுப்பளவு சேறு. நடுவில் பாதை. பாதையில் நாற்பது ஐம்பது பேர் ஆணும் பெண்ணுமாகப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கொடி நட்டிருந்தார்கள். ராஜாங்கத்தைப் பார்த்ததும் முன்வரிசையில் இருந்த மீசைக்காரர் துள்ளி எழுந்தார்.

"வந்திருச்சிடா" என்றார். அத்தனை பேரும் எழுந்து கோஷம் போட்டார்கள்.

"இன்னா வந்திருச்சி?" என்றார் ராஜாங்கம்.

"நீங்கதான். இது ரயில் மறியலு. நில்லுங்க."

மீசைக்காரர் பெயர் பாவாடை. ஓடைக்குப்பத்து மறியலுக்கு அவர்தான் தலைவர்.

"தண்டவாளமே இல்லியேப்பா, ரயிலு எப்பிடி வரும்?"

"வரலல்ல? அப்ப மறியலு வெற்றிதான?" என்றார் பாவாடை. சொல்லிவிட்டு அவரே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தோ பாருங்கண்ணே. உளுந்தூர்பேட்டையில ரோடு பூரா லாரிய நிறுத்தி வெச்சிருக்காங்களாம். எங்க ஊருக்கு ரோடே கெடையாது. வண்டிப்பாதை ஒண்ணு, அதுல எங்க வண்டிதான் போவும். நாங்க எதத்தான் மறிக்கிறது? ஊரு ஊரா போராடிக்கினு இருக்கும்போது நாங்க சும்மா குந்திக்கினு இருந்தா நாளைக்கு எவன் மதிப்பான்? அதான் லைனு மேல குந்திட்டோம். வந்து மூணு நாளாச்சி. ஒரு ஈ காக்கா வரல. மொத மொத நீங்கதான் வந்திருக்கீங்க."

அவர் கண்ணில் இருந்த நன்றியைப் பார்த்து ராஜாங்கத்துக்கு பயமாகிவிட்டது.

"நான் ரயிலு இல்லப்பா."

"லைனு மேல வந்தீங்களா இல்லியா?"

ராஜாங்கம் தாம்பாளத்தை இறக்கிவைத்து, கொப்புளித்த உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "நானும் நம்ம ஆளுதான். கச்சிராயபாளையத்துல புளியமரத்த சாச்சதே நானு."

கூட்டம் மரியாதையோடு கையைப் பார்த்தது. பாவாடை கொப்புளத்தைத் தொட்டே பார்த்தார். "அப்ப உங்களுக்கே தெரியும். மறியல்ல நம்மாளு வேத்தாளுன்னு பாத்து வுட்டா அது மறியலா? உங்க மரத்த தாண்டி நீங்க யாரையாவது வுட்டீங்களா?"

விடவில்லைதான். பிரசவத்துக்குப் போன வண்டி ஒன்றை மட்டும் விட்டார்கள். ராஜாங்கம் அப்படியே மேட்டில் உட்கார்ந்துவிட்டார். தங்கை கதையைச் சொன்னார். குஞ்சம்மாள் பேச்சைச் சொன்னார். பிச்சைமுத்துவின் கஞ்சி போட்ட வேட்டியைச் சொல்லும்போது நாலு பேர் பார்க்க அழுதேவிட்டார். பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆனால் யாரும் நகரவில்லை.

"எங்களுக்கும் சங்கடமாத்தான் இருக்குது" என்றார் பாவாடை. "ஆனா கைது பண்ற வரிக்கும் எழுந்திரிக்கிறதில்லன்னு மாரியாத்தா கோயில்ல கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணிட்டோம்."

"கைது எப்ப பண்ணுவாங்க?"

கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள்தான் பதில் சொன்னாள். "போலீசு டேசனுக்கு ஆளனுப்பி சொல்லிப் பாத்தாச்சிப்பா, வந்து புடிச்சிக்கினு போங்கன்னு. ரயிலு வந்ததும் சொல்லுங்க, வர்றோம்னு சிரிச்சி அனுப்பிட்டாங்களாம்."

"மத்த ஊர்க்காரங்கள புடிச்சி கல்யாண மண்டபத்துல வெச்சி சாம்பார் சாதம் போட்டாங்களாம்" என்றார் இன்னொருவர். "சாயங்காலம் வுட்டுட்டாங்களாம்." மண்டபம் என்ற சொல்லுக்கும் சாம்பார் என்ற சொல்லுக்கும் கூட்டம் முழுவதும் ஒரே பெருமூச்சு விட்டது.

செந்தமிழ்ச்செல்வி சூரியனைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். "இவ்ளோதானா? எழுந்து இவங்கள கைது பண்ணுங்க" என்றாள்.

"நானா?"

"ரயில மறிச்சா ரயிலுதான கேசு குடுக்கணும்? நீங்கதான் ரயிலுன்னு அவங்களே சொல்லிட்டாங்க."

ராஜாங்கம் எழுந்தார். துண்டை உதறித் தலைப்பாகை கட்டிக்கொண்டார். வாழ்நாளில் ஒரு கோழித் திருடனைக்கூடப் பிடித்ததில்லை. இருந்தாலும் குரலைக் கனமாக்கிக்கொண்டு, "எல்லாரும் கைது" என்றார்.

பாவாடை யோசித்தார். "மண்டபம்?"

"பந்தலு போட்டிருக்குது. தென்ன ஓலை பந்தலு."

"சாப்பாடு?"

"சாம்பாரு, வடை, பாயசம்."

பின்வரிசையில் ஒருவர் மணிக்கட்டு இரண்டையும் சேர்த்து நீட்டியபடி எழுந்து நின்றார். பிறகு எல்லோருமே எழுந்தார்கள். பாவாடை மட்டும் சம்மணம் கலையாமல் உட்கார்ந்திருந்தார்.

"தலைவர குண்டுக்கட்டா தூக்கித்தான் கைது பண்ணணும்" என்றார். "நானா நடந்து வந்தேன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிடக் கூடாது."

நியாயம்தான். ராஜாங்கம் அக்குளில் கை கொடுத்தார், தொண்டர்கள் இரண்டு பேர் காலைப் பிடித்தார்கள். பாவாடை ஏரிக்கரை நெடுகக் கோஷம் போட்டுக்கொண்டே தூக்கப்பட்டார். நல்ல கனம். ஒரு பனைமரத்தடியில், "போதும், இறக்குங்க" என்று சொல்லி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

ஓடைக்குப்பத்தைக் கடக்கும்போது கைதிகள் ஆளுக்கொரு வீட்டுக்குள் ஓடினார்கள். தப்பிக்கிறார்களோ என்று ராஜாங்கம் பதறினார். நல்ல காரியம் நடக்கிற வீட்டில் வெறுங்கையோடு போய்க் கைதாக இருப்பது எப்படி என்பதுதான் அவர்களுடைய கவலை. பூசணிக்காய் வந்தது, வாழைத்தார் வந்தது, அரிசி மூட்டை வந்தது, முறுக்கிக்கொண்டு ஒரு கிடாயும் வந்தது. பெண்கள் தட்டுகளைத் தேடி எடுத்துப் பூ, பழம் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள். கோயில் பம்பையைக் கூட ஒருவர் கழற்றி எடுத்துவந்தார்.

அப்படியாக, கவர்மெண்டை எதிர்த்துக் கோஷமும் பம்பையும் குலவையும் கலந்து, கைதிகள் ஊர்வலம் லைன் மேட்டின் வழியே தாழம்பட்டை அடைந்தபோது சூரியன் உச்சிக்கு வந்திருந்தது. பந்தலுக்குள் பிச்சைமுத்து கஞ்சி போட்ட வேட்டி மொடமொடக்க, கையில் மாலையோடு நின்றிருந்தான். மாலையை உயர்த்தியும்விட்டான். சத்தம் கேட்டு அப்படியே திரும்பினவன், வரிசை முடியாமல் வந்துகொண்டே இருப்பதைப் பார்த்துக் கையை இறக்கினான். பிறகு அந்த மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பந்தல் காலில் மாட்டினான்.

குஞ்சம்மாள் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். ராஜாங்கம், கிடா, அவர்களுக்குப் பின்னால் தலைகளும் தட்டுகளும்.

"யாருங்க இவங்கல்லாம்?" என்றாள்.

"நாங்கல்லாம் கை..." என்று பாவாடை பெருமையாக ஆரம்பித்தார். செந்தமிழ்ச்செல்வி அவர் காலை மிதித்தாள்.

மாமியார் முதுகுக்குப் பின்னால் ஜெயம்மாள் நின்றிருந்தாள். அண்ணனைப் பார்த்தாள், வேர்வையில் நனைந்த அவர் தலைப்பாகையைப் பார்த்தாள், பின்னால் நின்ற முன்பின் தெரியாத அத்தனை முகங்களையும் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பேச வாயெடுத்த அண்ணனை முந்திக்கொண்டாள்.

"எங்க பொறந்த வூட்டு ஜனங்க அத்த" என்றாள்.

பாவாடையின் மீசை ஒருமுறை துடித்தது. கைதிகள் யாரும் மறுக்கவில்லை. பம்பைக்காரர் மட்டும் மெதுவாக இரண்டு அடி அடித்தார்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சீர் கொண்டுவரும் மாமன் வீட்டாரை, வீட்டுக்குப் பெரியவள் பந்தல் வாசலில் நின்று ஒவ்வொருவராக முகம் பார்த்து, கும்பிட்டு, வாங்க என்று கேட்க வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் மொத்த சீரும் வாசலோடு திரும்பிவிடும். இதுவரை குஞ்சம்மாளுக்கு அது பெரிய வேலையாக இருந்ததில்லை. ராஜாங்கம் வரும்போது அடுப்பைப் பார்த்தபடியே வாயை அசைத்தால் போதுமானதாக இருந்தது.

ஜெயம்மாள் சொம்பில் தண்ணீரோடு மாமியார் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். குஞ்சம்மாள் கையைக் கூப்பினாள். "வாங்க" என்றாள். ராஜாங்கம் உள்ளே போனார். "வாங்க" என்றாள். செந்தமிழ்ச்செல்வி போனாள். "வாங்க. வாங்க. வாங்கம்மா." பூசணிக்காய் போனது, வாழைத்தார் போனது. பாதி வரிசையில் குஞ்சம்மாளுக்குக் குரல் கம்மிவிட்டது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். முடிந்தது என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பியபோது ஜெயம்மாள் அவள் முழங்கையைத் தொட்டாள். கூட்டம் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அத்த, கிடாவ புடிச்சிக்கினு ஒருத்தரு வெளியவே நிக்கிறாரு பாருங்க. அவர கேக்கலியே. அவரும் எங்க அண்ணந்தான்."