சோமசேகரத்தின் இரண்டடி

2006ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் பன்னிரண்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில், திருகோணமலை அன்புவழிபுரத்து ஒழுங்கையொன்றில் கமலேஸ்வரியின் ஐந்தடிக் கட்டில் மூன்றடியாகியது. பலகை முறியவில்லை, ஆணி கழலவில்லை. இரண்டு தலையணைகளில் ஒன்றைக் காணவில்லை. மற்றது நடுவில் கிடந்தது. முன் அறையில் வரிசையாக இருந்த எட்டுக் கணினி மேசைகள் ஏழாகியிருந்தன, ஆனால் இடையில் வெளி எதுவும் விழவில்லை. சுவரில் தொங்கிய கலியாணப் படத்தில் கமலேஸ்வரி மாலையோடு தனியாக நடுவில் நின்றாள். அவளுடைய கணவன் சோமசேகரம் அன்று ஒன்பதே முக்காலுக்கு, மின்வெட்டில் கணினிகளைத் தாங்கும் பெட்டிக்குப் பற்றரி வாங்கச் சைக்கிளில் பட்டினத்துக்குப் போயிருந்தான். சந்தியில் அவனை ஒரு வான் வண்டியில் ஏற்றியதை மூன்று பேர் கண்டார்கள். பிறகு மூவரும் தாங்கள் ஒன்றும் காணவில்லை என்றார்கள்.

ஒழுங்கைக்கு இது புதிதல்ல. நோயில் செத்தவரின் இடம் அப்படியே இருக்கும். அவருடைய கதிரை வருடக்கணக்கில் வெறுமையாகக் கிடக்கும். கடலுக்குப் போய்த் திரும்பாதவனின் இடம்கூட மூடுவதில்லை. பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் இடம் மட்டும்தான் மூடிக்கொண்டது. 1990இல் முதன்முதலாக அது நடந்தபோது ஐயரை அழைத்துச் சாந்தி செய்தார்கள். அதன் பிறகு பழகிவிட்டார்கள். யாராவது சொன்ன நேரத்துக்கு வீடு வராவிட்டால், நில அளவைத் திணைக்களத்தில் சங்கிலி பிடித்து ஓய்வுபெற்ற குலசிங்கத்துக்கு ஆள் அனுப்புவார்கள். அவர் நாடாவோடு வந்து கட்டிலை அளப்பார். அளவு சரியாக இருந்தால் சோற்றை மூடிவைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். குறைந்திருந்தால் பெண்கள் தேத்தண்ணீரோடு வந்து உட்காருவார்கள். அதற்குப் பிறகும் முறைப்பாடு கொடுப்பதுண்டு, முகாம் முகாமாக அலைவதுண்டு. ஆனால் நாடா சொன்னதை எந்த முகாமும் மாற்றிச் சொன்னதில்லை.

"இன்னொருக்கா அளவுங்கோ மாமா," என்றாள் கமலேஸ்வரி.

"மூண்டு தரம் அளந்திட்டன் பிள்ளை."

"நாடா பழசெல்லோ. இழுபட்டிருக்கும்."

"இது கவுண்மேந்து நாடா. பிழைக்காது," என்ற குலசிங்கம், அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்தபடி, "பிழைச்சிருந்தால் எனக்கும் சந்தோசம்தான்," என்றார்.

ஒக்டோபர் முதலாம் வாரத்தில் அவள் வகுப்பை மறுபடி தொடங்கினாள். முப்பத்தொரு வயது; வேறு தொழில் தெரியாது. பதினாறுக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட பன்னிரண்டு பேர் வெப் பக்கம் செய்யப் படித்தார்கள். தொலைபேசி இணைப்பு பெரும்பாலும் செத்துக் கிடந்ததால் அவர்கள் செய்த பக்கங்கள் எவையும் வலைக்குப் போகவில்லை. திறக்கப்படாத உணவகங்களுக்கும், யாரும் வந்து தங்காத கடற்கரை விடுதிகளுக்கும் அழகழகாகப் பக்கங்கள் செய்து அந்த ஏழு கணினிகளுக்குள்ளேயே சேமித்து வைத்தார்கள். குறிஞ்சாக்கேணியிலிருந்து மிதவையில் ஏறி, மூன்று சோதனைச் சாவடிகளைத் தாண்டி வரும் றஹ்மாதான் வகுப்பில் கெட்டிக்காரி. அவளுடைய கொப்பியில் இருந்த கூரான அடைப்புக்குறிகளைக் கண்டு ஒரு சிப்பாய் அவளை இரண்டு மணி நேரம் மறித்துவைத்த பிறகு, 'இது வெப் பக்கம் செய்யும் எழுத்து, வேறொன்றும் இல்லை' என்று கமலேஸ்வரி மூன்று மொழிகளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்திருந்தாள். வகுப்பில் வாயாடி பாக்கியரத்தினம். அதே ஒழுங்கையில் ஆறாவது வீட்டு நல்லம்மாவின் ஒரே மகன், பத்தொன்பது வயது.

நவம்பரில் மறைக்கும் பாடம் வந்தது. பக்கத்தில் உள்ள ஒரு பெட்டியை மறைக்க இரண்டு வழிகள் உண்டு. டிஸ்பிளே என்ற கட்டளையால் மறைத்தால் பெட்டியோடு அதன் இடமும் போய்விடும். அக்கம்பக்கத்துப் பெட்டிகள் நெருங்கிக்கொள்ளும், அங்கே ஒன்று இருந்ததென்றே தெரியாது. விசிபிலிட்டி என்ற கட்டளையால் மறைத்தால் பெட்டி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இடம் அப்படியே இருக்கும். கமலேஸ்வரி இதைப் பலகையில் வரைந்து காட்டினாள்.

றஹ்மா கையை உயர்த்தினாள். "அப்ப மிஸ், எங்கட ஆக்களை முதலாவது கட்டளையாலதான் மறைக்கிறாங்க, என்ன?"

"ரெண்டாவது பாடத்துக்கு அவையள் வரேல்லைப் போல," என்றான் பாக்கியரத்தினம். "எங்கட வகுப்புக்கு அனுப்பச் சொல்லுங்கோ மிஸ். முன் வாங்கில இருத்துவம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். கமலேஸ்வரியும் சிரித்தாள், செப்டெம்பருக்குப் பிறகு முதல் தடவையாக. அவர்கள் பயிற்சி செய்துகொண்டிருந்த நேரத்தில் அவள் தன் கணினியில் ஒழுங்கையை ஒரு பக்கமாகச் செய்தாள். இருபத்துநான்கு வீடுகளும் ஒரே வரிசையில் இருபத்துநான்கு பெட்டிகள். வீட்டுப் பெட்டிக்குள் ஆளுக்கொரு சின்னப் பெட்டி. சோமசேகரத்தின் பெட்டியை இரண்டாவது வழியால் மறைத்துச் சேமித்தாள்.

மறுநாள் காலை கட்டில் ஐந்தடியாக இருந்தது. ஏழு மேசைகளுக்கு நடுவே ஒரு மேசை அளவுக்கு வெறும் நிலம் கிடந்தது. கலியாணப் படத்தில் அவள் ஓர் ஓரத்துக்கு நகர்ந்திருந்தாள். மற்ற ஓரத்தில் பின்னால் தொங்கிய திரைச்சீலை தெரிந்தது. குலசிங்கம் வந்து அளந்தார். "ரெண்டடி வந்திட்டுது பிள்ளை," என்றார். ஆள் வரவில்லை என்பதை அவர் அளந்து சொல்லத் தேவையிருக்கவில்லை. எந்த மறைப்பும் இல்லாமல், காட்டு என்று மட்டும் சொல்லும் சொல்லையும் அவள் அன்றே எழுதிப் பார்த்தாள். திரையில் அவன் பெயர் தெரிந்தது, வீட்டில் ஒன்றும் மாறவில்லை. ஏழு கணினிகளிலும் மாறி மாறி நாற்பத்தொரு தடவை எழுதினாள். அந்தச் சொல்லுக்கு ஒழுங்கை கட்டுப்படவில்லை. வெறும் இரண்டடியோடு படுத்துப் பழகினாள். மூன்றடிக் கட்டிலில் வராத நித்திரை அதில் வந்தது.

செய்தி பரவ இரண்டு நாள் எடுத்தது. கணவனைக் கொடுத்தவர்கள், தம்பியைக் கொடுத்தவர்கள், 1990இல் தகப்பனைக் கொடுத்துவிட்டு இன்று தகப்பனைவிட மூத்துப்போனவர்கள் எல்லோரும் வந்தார்கள். யாரும் ஆளைக் கேட்கவில்லை. இடத்தைக் கேட்டார்கள். தைப்பொங்கலுக்கு முன் கமலேஸ்வரி, சோமசேகரத்தோடு சேர்த்து, பத்துப் பேருக்கு இடம் திறந்தாள். சாப்பாட்டுப் பந்தியில் அவர்களுக்கும் வெறும் இலைகள் விழுந்தன, அவற்றுக்கும் சோறு போட்டார்கள். திறக்கத் திறக்க வீடுகள் இரண்டிரண்டு அடியாக அகன்று, ஒழுங்கையின் கடைசியில் ஆடு கட்டும் இருபதடி வெறும் நிலத்துக்குள் தள்ளிக்கொண்டு போயின. அந்த நிலம் முடிகிற இடத்தில் இராணுவத்தின் கம்பி வேலி இருந்தது; ஓர் இடம் மூடும்போதெல்லாம் அதுவும் இரண்டடி உள்ளே நகர்ந்துவிடும். ஒழுங்கைக்குப் பின்புறமும் அதே வேலிதான். அதற்கு அப்பால், கண்ணிவெடி என்று மண்டையோட்டுப் பலகை நட்ட பற்றைக்காடு.

பதினோராவது இடத்தைத் திறந்த காலை, கடைசி வீடு அங்கே இல்லை. கடைகளுக்கு இடியப்பம் அவிக்கும் கனகம்மாவும் அவளுடைய கர்ப்பிணி மகளும் இருந்த அந்த வீடு, கிணறு, வாழைகள், இடியப்பத் தட்டுகள் சகிதம், பின்புறக் கம்பி வேலிக்கு அப்பால், பற்றைக்காட்டின் தொடக்கத்தில் நின்றது.

கமலேஸ்வரிக்குக் காரணம் உடனே தெரிந்தது. முதல் மாதத்திலேயே பிள்ளைகளுக்குத் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. ஒரு வரிசையில் உள்ள பெட்டிகளின் அகலம் கூட்டுத்தொகையில் வரிசையின் அகலத்தை மீறினால், கடைசிப் பெட்டி கீழ் வரிசைக்கு விழுந்துவிடும். கூட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கோ என்று ஆயிரம் தடவை சொன்னவள், தான் கூட்டும்போது கண்ணுக்குத் தெரிகிற பெட்டிகளை மட்டும் கூட்டியிருந்தாள். இல்லாதவர்களுக்கும் அகலம் உண்டு என்பதை மறந்துபோனாள்.

"கமலேஸ், நான் செத்திட்டனோ இருக்கிறனோ?" என்று வேலிக்கு அப்பாலிருந்து கனகம்மா கத்தினாள். "ஆமிக்காரன் வந்து இந்த வீட்டுக்குப் பாஸ் கேக்கிறான். வீட்டுக்கும் பாஸ் எடுக்கிறதோ?"

"அசையாதேங்கோ அக்கா. வீட்டை விட்டு முத்தத்தில காலை வைச்சிடாதேங்கோ."

"முத்தம் கிடக்கட்டும். இடியப்பம் ஆறுது. வேலிக்கு மேலால தட்டை வாங்க ஆரையும் அனுப்பு."

வழியைக் கண்டுபிடித்தவள் றஹ்மா. ஒவ்வொரு வீட்டையும் ஓர் அங்குலம் ஒடுக்கினால் இரண்டடி மிஞ்சும் என்றாள். ஒடுக்கினார்கள், மத்தியானத்துக்கு முன் கனகம்மாவின் வீடு தன் இடத்துக்குத் திரும்பியது. கமலேஸ்வரி செய்த பக்கத்தில் சுவர்களுக்கும் அலுமாரிகளுக்கும் நிலையான அளவு எழுதப்பட்டிருந்தது. வாசலுக்கு எழுதப்பட்டிருக்கவில்லை. ஆகவே ஒடுங்கிய அங்குலம் முழுவதும் வாசலில் போயிற்று. முப்பது அங்குல வாசல்கள் இருபத்தொன்பதாகின. ஓர் அங்குலத்தை யாரும் கணக்கெடுக்கவில்லை.

2007ஆம் ஆண்டு முழுவதும் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். விறகுக்குப் போனவர், கந்தளாய்க்கு நெல் வாங்கப் போன இருவர், கச்சேரி அலுவலகத்தில் வரிசையில் நின்றவர். குலசிங்கத்தின் நாடா நைந்து போய், வகுப்புப் பிள்ளைகள் அவருக்குப் புதிதொன்று வாங்கிக் கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் கமலேஸ்வரி இடம் திறந்தாள். ஒவ்வொரு தடவையும் இருபத்துநான்கு வாசல்களும் ஓர் அங்குலம் ஒடுங்கின. மக்கள் பக்கவாட்டாக நுழையப் பழகினார்கள். சைக்கிள்கள் வெளியே நின்றன. கனகம்மாவின் மகள் பெற்று முடிந்து கைக்குழந்தையோடு வந்தபோது, குழந்தையை முதலில் நீட்டிக் கொடுத்துவிட்டுப் பிறகு தான் நுழைந்தாள். 2008 பெப்ரவரியில் இருபத்திரண்டு இடங்கள் திறந்திருந்தன, வாசல் பதினெட்டு அங்குலமாக இருந்தது. அந்த மாதம் நோயில் செத்த ஒருவரின் சவப்பெட்டியை வெளியே எடுக்கக் கூரை ஓடுகளைக் கழற்ற வேண்டியதாயிற்று. குலசிங்கம் வந்து, இதற்குமேல் ஒடுக்க ஏலாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் நான்காம் திகதி பாக்கியரத்தினத்தைக் கொண்டுபோனார்கள். வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது, அன்று இன்னும் வந்து சேராத அவனுடைய மேசை வரிசையில் இல்லாமல் போய், பக்கத்துப் பிள்ளையின் முழங்கை றஹ்மாவின் முழங்கையில் முட்டியது. அப்படித்தான் தெரிந்துகொண்டார்கள்.

நல்லம்மா அடுத்த நாள் வந்தாள். பருத்த உடம்பு. வாசலால் நுழைய முயலாமல் வெளியிலேயே நின்றாள்.

"பிள்ளை, அவன்ர பாய் அகலத்துக்குத் தந்தால் காணும்," என்றாள். "ரெண்டடி தேவையில்லை. மெலிஞ்சவன்தானே."

"அக்கா, இடமில்லை."

"ஓம். குலசிங்கத்தார் சொன்னவர். கேட்டுப் பாப்பம் எண்டு வந்தனான்." அவள் போகவில்லை. "சமைக்கேக்க ஒரு சுண்டு அரிசிதான் வருகுது பிள்ளை. ரெண்டு சுண்டு அளந்து போட்டாலும் பானைக்குள்ள ஒண்டுதான் கிடக்கு. நான் என்ன செய்ய?"

கமலேஸ்வரி பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருபத்திரண்டு பெயர்களையும் மேலிருந்து கீழாக வாசித்தாள். ஒவ்வொரு பெயரின் வீட்டிலும் யாரோ ஒருவர் அந்த வெறும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரிடமும் போய்க் கேட்க அவளால் ஏலாது. கேட்கத் தேவையில்லாத பெயர் ஒன்றுதான் அந்தப் பட்டியலில் இருந்தது. பிள்ளைகள் தட்டச்சை நிறுத்திவிட்டார்கள்.

றஹ்மா எழுந்து வந்தாள். "மிஸ், கொஞ்சம் பொறுங்க. வேற வழி ஏதும் இரிக்கும். நான் வீட்ட போய் யோசிச்சிட்டு வாறன்."

"ஒண்டரை வருசமாய் யோசிச்சிட்டன் றஹ்மா."

"அப்ப நான் மாத்துறன். நீங்க அங்கால பாருங்க."

"வேண்டாம். நீர் போய் உம்மட வேலையைச் செய்யும்."

கமலேஸ்வரி சோமசேகரத்தின் வரியை முதலாவது கட்டளைக்கு மாற்றினாள். பாக்கியரத்தினத்துக்குப் புதிய வரி ஒன்றைத் தட்டினாள். இரண்டு இடத்திலும் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபடி, பின்னாலிருந்து முன்னுக்கு ஒரு தடவை வாசித்துவிட்டுச் சேமித்தாள். பிறகு அன்றைய பாடத்தைத் தொடர்ந்தாள். அது படிவங்கள் பற்றிய பாடம். ஆறாவது வீட்டில் குசினிப் பக்கம் நல்லம்மா அழுவது பதினொரு மணிவரை கேட்டது.

அடுத்த புதன்கிழமை கிராம சேவகர் வாக்காளர் இடாப்புக்குப் பெயர் பதிய வந்தார். கமலேஸ்வரி வீட்டு வாசலில் பக்கவாட்டாக நின்று, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். ஒருவர் என்றாள். அவர் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.