பத்துக்கு எத்தனை அரிப்பு

சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. அந்த அறையின் திரை பச்சையா நீலமா என்றுகூட இப்போது சொல்ல முடியாது. டயாலிசிஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் என் கணவர் படுத்திருந்ததும், போர்வைக்குள் ஒரு கை சொறியாமலிருக்க இறுக மூடியிருந்ததும் மட்டும் நிச்சயம்.

சிறுநீரகம் செயலிழந்திருந்த அவருக்குச் சொறிப்பூச்சியும் தொற்றியிருந்தது. அதைக் கொல்லும் மாத்திரை இப்படிப்பட்டவர்கள் உடம்பில் எவ்வளவு நேரம் தங்குகிறது, இயந்திரம் அதைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறதா என்று ஒரு பெண் மருத்துவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். டயாலிசிசுக்கு முன்னும் பின்னும் ரத்தம் எடுப்பார். பூச்சி போகும்வரை தனித்தனியாகப் படுக்கச் சொல்லியிருந்தார். எனக்கும் மருந்து கொடுத்தார்.

வீட்டில் கணவர் கூடத்தில், நான் உள்ளே. சுவருக்கு அந்தப் பக்கம் புரண்டு படுப்பது கேட்கும். எழுந்து போகலாமா என்று இருக்கும். போகமாட்டேன்.

இரண்டாம் தவணை மாத்திரையும் முடிந்து, தோலைச் சுரண்டிப் பரிசோதனைக்கு எடுத்துப்போன பிறகு, ஒரு நாள் டயாலிசிஸ் நடக்கும்போது மருத்துவர் வந்தார்.

"பத்துக்கு எத்தனை அரிப்பு சார்?"

"ஒண்ணும்மா. அதுகூட உங்க மனசு நோகக் கூடாதேன்னு."

அவர் கழுத்தில் நகக்கீறல் இன்னும் சிவப்பாக இருந்தது.

"ஏழுன்னு எழுதுங்க டாக்டர்" என்றேன்.

"சும்மா இருடி. வாயத் தொறந்து காரியத்தைக் கெடுத்துருவ."

"என்ன காரியம்?"

அவர் மருத்துவரிடம் மெல்லக் கேட்டார்:

"நம்பர் குறைஞ்சாத்தானே இவளைப் பக்கத்துல விடுவீங்க?"

மருத்துவர் பேனாவை மூடினார்.

"அதுக்கு நம்பர் பாக்கறதில்ல சார். தோலைத்தான் பாப்போம். பாத்தாச்சு, பூச்சி இல்ல. இப்ப இருக்கிறது சிறுநீரகத்தால வர்ற அரிப்பு. யாருக்கும் ஒட்டாது. ஆனா, முழுசாப் போகும்னு சொல்ல முடியாது."

"அட, நம்ம சொந்த அரிப்பா! அப்ப எட்டுன்னு எழுதிக்கங்கம்மா."

எதிர்க்கட்டில்காரர் சிரித்துவிட்டார். ஊசி குத்தியிருந்த கையை என் கணவர் அசைக்கக் கூடாது. அந்தப் பக்கத் தோளை நான் சொறிந்துவிட்டேன். சட்டைக்குள் தோல் சுடச்சுட இருந்தது. எத்தனை நாளாயிற்று.

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றார்.

அரிப்பு அவரை விட்டுப் போகவே இல்லை. இரண்டு வருடம் ஒரே கட்டிலில் படுத்தோம். பிறகு அவர் இறந்துபோனார். மருத்துவர் ஆராய்ச்சியை முடித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். எதிர்க்கட்டில்காரருக்குத் தம்பி சிறுநீரகம் கொடுத்தார், நன்றாக இருக்கிறார். நான் அதே வீட்டில் இருக்கிறேன்.